நேற்று மாணவி, இன்று மிஸ்: தாதியர் வேலையின் முதல் வருடத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தாதியர் கல்லூரியில் மூன்று வருடம் டிப்ளோமா படித்தவரோ, பல்கலைக்கழகத்தில் நான்கு வருடம் பட்டப்படிப்பு முடித்தவரோ, நியமனக் கடிதத்தோடு வாட்டுக்குள் நுழையும் நாளில் எல்லோருக்கும் மாறுவது ஒன்றுதான். நேற்றுவரை நீங்கள் எழுதியதற்குக் கீழே இன்னொருவர் கையெழுத்து வைத்தார். இன்று உங்கள் கையெழுத்தோடு அது முடிந்துவிடுகிறது. பிறகு யாராவது அந்த ரிக்கற்றை, அதாவது நோயாளியின் பதிவேட்டை, புரட்டிப் பார்ப்பதென்றால், ஏதோ பிசகிவிட்டது என்று அர்த்தம்.

யாழ்ப்பாணத்தில் படித்து வெளியே வரும் பிள்ளைகளுக்கு அறிவு குறைவு என்று நான் சொல்லமாட்டேன். நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் பொட்டாசியத்தின் இயல்பான அளவு 3.5 முதல் 5 வரை என்பார்கள். சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. சொன்னதைச் செய்வது, சத்தமில்லாமல் ஒதுங்கி நிற்பது, பெரியவர்களுக்கு மறுத்துக் கதைக்காமல் இருப்பது என்று மாணவப் பருவத்தில் நல்ல பெயர் வாங்கித் தந்த அதே பழக்கங்கள், வேலைக்கு வந்ததும் நோயாளிக்கு ஆபத்தாகின்றன. தாதியின் வேலையில் பாதி, நோயாளியிடம் ஏற்படும் மாற்றத்தைக் கவனிப்பது. மற்றப் பாதி, கவனித்ததை உரியவரிடம் நேரத்தோடு வாய் திறந்து சொல்வது. ஊசி போடுவது, டிரெஸ்ஸிங் செய்வது எல்லாம் இந்த இரண்டுக்கும் நடுவில் வருபவை. கீழே வரும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த இரண்டில் ஒன்று தவறுவதால் வருகின்றன.

எழுதியதெல்லாம் கவனித்ததாகாது

ஏதாவது ஒரு வாட்டில் அவதானிப்புத் தாள்களை வரிசையாகப் பாருங்கள். நிமிடத்துக்கு எத்தனை தரம் மூச்சு விடுகிறார் என்ற நிரலில் 18, 20, 18, 20 என்று கட்டில் கட்டிலாக ஒரே எண்கள் இருக்கும். முப்பது பேரும் ஒரே வேகத்தில் மூச்சு விடுகிறார்கள் என்றால் அது அற்புதம்தான். உண்மையில் யாரும் எண்ணவில்லை. பிறஷருக்கு இயந்திரம் இருக்கிறது, ஒட்சிசன் அளவுக்கு விரலில் மாட்டும் கருவி இருக்கிறது, மூச்சுக்கு மட்டும் மணிக்கூட்டைப் பார்த்து ஒரு நிமிடம் நிற்கவேண்டியிருக்கிறது. அந்த ஒரு நிமிடத்தைத்தான் எல்லோரும் மிச்சம் பிடிக்கிறார்கள். உடல்நிலை மோசமாகத் தொடங்கும்போது பெரும்பாலும் முதலில் மாறுவது மூச்சின் வேகம்தான். பிறஷர் விழுவதற்குச் சில மணித்தியாலம் முன்னரே அது ஏறத் தொடங்கியிருக்கும்.

மாணவராக இருக்கும்போது தாளை நிரப்பினால் போதும், யாரும் கேட்கமாட்டார்கள். அந்தப் பழக்கம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு டெங்குவைவிட நல்ல உதாரணம் எங்கள் ஊரில் இல்லை. ஐப்பசி, கார்த்திகை மழை தொடங்கினால் தை மாதம் வரை மெடிக்கல் வாட்டுகள் நிரம்பி வழியும். காய்ச்சல் நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ விடும். அம்மாவுக்குச் சந்தோஷம், பொடியன் வீட்டுக்குப் போகவேண்டும் என்கிறான், புதிதாக வந்த மிஸ்ஸும் “காய்ச்சல் இல்லைத்தானே” என்று நிம்மதியாகிறார். ஆனால் இரத்தக் குழாய்களில் இருந்து திரவம் கசியும் ஆபத்தான கட்டம் தொடங்குவது பெரும்பாலும் அந்த நேரத்தில்தான். அது 24 முதல் 48 மணித்தியாலம் வரை நீடிக்கும்.

இப்போது தாளைப் பாருங்கள். பத்து மணிக்கு பிறஷர் 110க்கு 70. பதினொன்றுக்கு 104க்கு 78. பன்னிரண்டுக்கு 100க்கு 82. மூன்றையும் தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் பயமுறுத்தாது. மேல் எண் 100இல் நிற்கிறது, வளர்ந்தவர் ஒருவருக்கு அது பரவாயில்லை என்று தோன்றும். மேல் எண்ணிலிருந்து கீழ் எண்ணைக் கழித்துப் பாருங்கள்: 40, 26, 18. இந்த வித்தியாசம் 20 அல்லது அதற்குக் கீழே வந்தால் நோயாளி ஷொக் என்கிற அதிர்ச்சி நிலைக்குள் போகிறார் என்று பொருள். கை கால் குளிர்ந்திருக்கும், விரல் நுனியை அழுத்தி விட்டால் நிறம் திரும்ப இரண்டு செக்கனுக்கு மேல் எடுக்கும். பொடியன் எழுந்து உட்கார்ந்து கதைத்துக்கொண்டே இருப்பான். அதனால்தான் பலர் ஏமாறுகிறார்கள். எண்ணை எழுதியவர் தாதி, கழித்துப் பார்த்திருக்க வேண்டியவரும் தாதி. டொக்டர் காலை றவுண்டில் வந்து கழிக்கட்டும் என்று விட்டால் அது வெறும் எழுத்து வேலை.

டெங்குவில் இன்னொன்று, சிறுநீர் அளவும் குடிக்கும் அளவும். அம்மா அன்பாகக் கழிப்பறையில் கொண்டுபோய் ஊற்றிவிடுவா. இளநீர், தேசிக்காய்த் தண்ணி, கஞ்சி என்று பார்க்க வருகிறவர்கள் கொண்டுவருவதெல்லாம் தாளில் ஏறாது. ஆபத்துக் கட்டத்தில் திரவம் குறைந்தாலும் பிழை, கூடினாலும் நெஞ்சுக்குள் நீர் கட்டும். ஆகவே முதல் வேலை, கூட நிற்கிற அம்மாவிடம் அளவுக் கோப்பையைக் கொடுத்து விளங்கப்படுத்துவது. “அம்மா, இவர் குடிக்கிறதையும் போறதையும் என்னட்டைச் சொல்லாமல் ஊத்தவேண்டாம்” என்று ஒரு வசனம். அதைச் சொல்ல வெட்கப்பட்டு, பிறகு தாளில் குத்துமதிப்பாக 200 என்று எழுதுவதைவிட அது எவ்வளவோ மேல். பப்பாசி இலைச் சாறு கொண்டுவருகிறவர்களோடு சண்டைக்குப் போகவேண்டாம். ஆனால் என்ன, எவ்வளவு கொடுத்தார்கள் என்று கேட்டு எழுதிவிட்டு டொக்டரிடம் சொல்லுங்கள்.

பாம்புக்கடியும் இப்படித்தான். தரையில் பாய் போட்டுப் படுத்திருந்தவரை இரவில் கட்டுவிரியன் கடித்தால் காயமும் பெரிதாகத் தெரியாது, நோவும் இராது. வயிற்றுவலி என்று வருவார். கொஞ்ச நேரத்தில் கண் சொருகும். நள்ளிரவு கடந்த நேரம், வாட் முழுக்க நித்திரை, இவரும் தூங்குகிறார் என்று நினைப்பது சுலபம். எழுப்பி “மேலே பாருங்கோ” என்று சொல்லுங்கள். இமையைத் தூக்க முடியவில்லை என்றால் அது நித்திரையில்லை, நஞ்சு நரம்புகளைப் பிடிக்கிறது. ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொல்லி, எதுவரை வருகிறார் என்று குறித்துவைத்து, கொஞ்ச நேரத்தில் திரும்ப எண்ணச் சொல்லுங்கள். முதலில் 25 வரை வந்தவர் இப்போது 14இல் நிற்கிறார் என்றால் மூச்சுத் தசைகள் களைக்கின்றன. இதற்கு ஒரு கருவியும் தேவையில்லை.

புடையன் என்கிற கண்ணாடி விரியன் கடியில் இரத்தம் உறைகிறதா என்று பார்க்கும் 20 நிமிடச் சோதனையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் எடுத்து, ஆட்டாமல் அசைக்காமல் 20 நிமிடம் வைக்கவேண்டும். பிளாஸ்ரிக் குழாயில் எடுத்தாலும், இடையில் “உறைஞ்சிட்டுதோ” என்று சரித்துப் பார்த்தாலும் முடிவு பிழைக்கும். அந்தப் பிழையான முடிவை வைத்து நஞ்செதிர்ப்பு மருந்து கொடுப்பதா இல்லையா என்று தீர்மானிப்பார்கள்.

“ஓம்” என்றால் அவர்தான் என்று நம்புவது

ஒரு வாட்டில் இரண்டு யோகேஸ்வரி இருப்பது யாழ்ப்பாணத்தில் புதுமையில்லை. முதலெழுத்தும் ஒன்றாக இருக்கலாம். போதாக்குறைக்கு ஒரே அம்மாவுக்கு கிளினிக் கொப்பியில் தகப்பன் பெயர், ரிக்கற்றில் கணவன் பெயர், வீட்டில் கூப்பிடுவது மூன்றாவது பெயர். அதற்கு மேல், ஃபான் காற்று நன்றாக வரும் கட்டில் காலியானால் பக்கத்துக் கட்டில்காரர் யாரையும் கேட்காமல் மாறிப் படுத்துவிடுவார். கட்டில் இலக்கத்தை நம்பி ஊசி போடப் போனால் அதோடு முடிந்தது கதை.

“யோகேஸ்வரி அம்மா தானே?” என்று கேட்டால் “ஓம் பிள்ளை” என்ற பதில்தான் வரும். காது மந்தமான ஆச்சி எதற்கும் ஓம் சொல்லுவா. மிஸ்ஸுக்கு முன்னால் இல்லை என்று சொல்வது மரியாதையில்லை என்று நினைக்கிற தலைமுறை அது. அதனால் பெயரை நீங்கள் சொல்லிக் கொடுக்காதீர்கள். “உங்கட முழுப்பேர் என்னம்மா? எந்த ஊர்?” என்று கேட்டு, அவர் சொல்வதை ரிக்கற்றோடும் அதன் இலக்கத்தோடும் ஒப்பிடுங்கள். நேற்றும் இதையே கேட்டாய் என்று சலித்துக்கொள்வார்கள். பரவாயில்லை, நாளைக்கும் கேளுங்கள்.

இரத்தம் ஏற்றும்போது இதை இரண்டு பேர் கட்டிலடியில் நின்று செய்யவேண்டும். மேசையில் வைத்து ஒருவர் வாசிக்க மற்றவர் தலையாட்டிக் கையெழுத்து வைப்பது பரிசோதனையாகாது. ஏற்றத் தொடங்கி முதல் 15 நிமிடம் அந்தக் கட்டிலை விட்டு நகராமல் இருப்பதும் அதே காரணத்துக்காகத்தான். குழு மாறிய இரத்தம் பெரும்பாலும் அந்த நேரத்திலேயே தன் வேலையைக் காட்டத் தொடங்கிவிடும்.

மருந்து ட்ரொலியடியில்

சரியான ஆள், சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம் என்று ஐந்தையும் எல்லோரும் மனப்பாடமாக ஒப்புவிப்பார்கள். ட்ரொலியைத் தள்ளிக்கொண்டு போகும்போது ஒருவர் ரிக்கற் கேட்பார், ஒருவர் சேலைன் முடிந்துவிட்டது என்று கூப்பிடுவார், போன் அடிக்கும். இந்த நெருக்கத்தில் தலைக்குள் கணக்குப் போடுவதுதான் முதல் தவறு. துண்டுக் கடதாசியில் எழுதிப் போடுங்கள். 10 கிலோ பிள்ளைக்கு கிலோவுக்கு 15 மில்லிகிராம் பரசிற்றமோல் என்றால் 150 மில்லிகிராம். சிரப் 5 மில்லிலீற்றருக்கு 120 என்றால் 6.25 மில்லிலீற்றர். அந்தச் சிரப் எப்போதும் 120தான் என்று நம்பி போத்தலைப் பார்க்காமல் ஊற்றுவது இரண்டாவது தவறு. ஒரே மருந்து இந்த மாதம் ஒரு பெட்டியிலும், அடுத்த மாதம் வேறு நிறுவனத்தின் வேறு நிறப் பெட்டியிலும் வரும். வலுவும் மாறியிருக்கலாம். 2022 பொருளாதார நெருக்கடியில் மருந்துத் தட்டுப்பாட்டோடு வேலை செய்தவர்களுக்கு, இதை நான் விளக்கத் தேவையில்லை. நிறத்தைப் பார்த்துக் கை போகக்கூடாது, கண் லேபிளை வாசிக்கவேண்டும்.

இன்சுலினைத் தனியாகச் சொல்லவேண்டும். எழுதும்போது யூனிட் என்று முழுச் சொல்லாக எழுதுங்கள். ஆங்கில யூ எழுத்தை மட்டும் போட்டால், அவசரக் கையெழுத்தில் அது பூச்சியம் போலத் தெரிந்து 10 யூனிட் 100 ஆகிவிடும். 5 என்று எழுதவேண்டிய இடத்தில் 5.0 என்று எழுதினால் புள்ளி மங்கி 50 ஆகும். அரை என்பதைப் புள்ளிக்கு முன் பூச்சியம் போட்டு 0.5 என்றே எழுதவேண்டும். இன்சுலின் சிரிஞ்ச் முடிந்துவிட்டது என்று சாதாரண சிரிஞ்சில் மட்டுக்கட்டி எடுக்காதீர்கள். ஒரு மில்லிலீற்றரில் 100 யூனிட் உள்ள இன்சுலினில் 10 யூனிட் என்பது 0.1 மில்லிலீற்றர். அந்த அளவில் கண்ணின் சிறு பிழை நோயாளியை மயக்கத்தில் கொண்டுபோய் விடும். சாப்பாடு வந்துவிட்டதா, சாப்பிடுகிறாரா என்று பார்க்காமல் இன்சுலினைப் போட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போவதும் இதே வகைதான். வீட்டுச் சாப்பாடு பஸ்ஸில் வருகிற ஊரில், பஸ் பிந்தினால் சாப்பாடும் பிந்தும்.

செறிவான பொட்டாசியத்தை ஐதாக்காமல் நாளத்தில் ஏற்றினால் இதயம் நின்றுவிடும் என்பது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் நடக்கிறது, ஏனென்றால் அதை மற்ற அம்பூல்களோடு ஒரே தட்டில் வைத்திருப்பார்கள். உங்கள் வாட்டில் அப்படி இருந்தால் புதியவர் என்று பார்க்காமல் வாட்டுக்குப் பொறுப்பான சிஸ்டரிடம் சொல்லுங்கள்.

யாரோ இழுத்து வைத்துவிட்டுப் போன சிரிஞ்சை நீங்கள் போடவேண்டாம். எவ்வளவு மூத்தவர் தந்தாலும் சரி. “நானே எடுக்கிறன் அக்கா” என்று பணிவாகச் சொல்லலாம்.

இரவில் டொக்டரை எழுப்பத் தயங்குவது

புதியவர்கள் விடும் தவறுகளில் மிகவும் விலை உயர்ந்தது எது என்று கேட்டால், நான் இதைத்தான் சொல்வேன். நோயாளியில் ஏதோ சரியில்லை என்று தெரிந்தே அரை மணித்தியாலம், ஒரு மணித்தியாலம் பார்த்துக்கொண்டு நிற்பது. “இப்பதானே போய்ப் படுத்தவர்”, “போன முறை கூப்பிட்டதுக்கு ஏசினவர்”, “காலமை றவுண்ட் வரும்தானே”. காரணங்கள் எல்லாம் நியாயம் மாதிரித்தான் இருக்கும். சில டொக்டர்மார் ஏசுவதும் உண்மைதான், மறைப்பதற்கில்லை. ஆனால் தேவையில்லாமல் எழுப்பியதற்கு வாங்கும் ஏச்சு காலைத் தேத்தண்ணியோடு மறந்துபோகும்.

ஏச்சு குறைய ஒரு வழி இருக்கிறது. எடுத்தவுடன் “டொக்டர், நோயாளி ஒரு மாதிரி இருக்கிறார், வந்து பாருங்கோ” என்றால் யாருக்கும் எரிச்சல்தான் வரும். அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களில் தகவல் சொல்லப் பயன்பட்ட ஒரு ஒழுங்கு பின்னர் வைத்தியசாலைகளுக்கு வந்தது. எஸ்பார் என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். இப்போது என்ன நடக்கிறது, இதற்கு முன் என்ன, நான் என்ன நினைக்கிறேன், நீங்கள் என்ன செய்யவேண்டும் என்ற நாலு படி. பாடத்தில் படித்ததை வாயால் சொல்லிப் பழகியவர்கள் குறைவு. இப்படி இருக்கும்:

“டொக்டர், மெடிக்கல் வாட்டிலயிருந்து தாதிய உத்தியோகத்தர் கதைக்கிறன். ஏழாம் கட்டில் டெங்கு நோயாளிக்கு பிறஷர் 100க்கு 82, நாடி 118. 19 வயது, ஐந்தாம் நாள், இண்டைக்குக் காலமைதான் காய்ச்சல் விட்டது. இரண்டு மணித்தியாலத்துக்கு முன்னம் வித்தியாசம் 40, இப்ப 18. கை குளிர்ந்திருக்கு, கடைசி மூன்று மணித்தியாலத்தில சிறுநீர் 50 மில்லிலீற்றர்தான். ஷொக்குக்குப் போறார் எண்டு நினைக்கிறன். நீங்கள் இப்ப வந்து பாக்கவேணும்.”

இதற்கு அரை நிமிடம் போதும். இப்படிச் சொன்ன பிறகு திரும்பிப் படுக்கிற டொக்டர் அரிது. போனை எடுக்க முன்னர் ரிக்கற்றும் அவதானிப்புத் தாளும் கையில் இருக்கவேண்டும், அவர் கேட்கும்போது தேடப் போகக்கூடாது. சிங்களம் பேசும் டொக்டர் என்றால் தெரிந்த ஆங்கிலத்தில் சொல்லுங்கள். இலக்கணம் பிழைத்தால் பரவாயில்லை, எண்கள் பிழைக்கக்கூடாது. அவர் போனில் மருந்து சொன்னால் எழுதிக்கொண்டு, எழுதியதை அவருக்கே திரும்ப வாசித்துக் காட்டுங்கள். எத்தனை மணிக்குக் கூப்பிட்டேன், என்ன சொன்னார் என்று ரிக்கற்றில் எழுதுங்கள். வரவில்லை என்றால் அவருக்கு மேலே இருப்பவரைக் கூப்பிடுங்கள். அது கோள் சொல்வதாகாது. அந்த ஒழுங்கு இருப்பதே அதற்குத்தான்.

சிறிய வைத்தியசாலைகளில் நியமனம் கிடைத்தவர்களுக்கு இது இன்னும் முக்கியம். நெடுந்தீவில் வேலை என்றால் நோயாளியைக் குறிகட்டுவான் இறங்குதுறைக்குக் கொண்டுவரவே கடல் கடக்கவேண்டும். காற்றுக் காலத்தில் அந்த முடிவை இருட்ட முன்னரே எடுக்கவேண்டியிருக்கும். போதனா வைத்தியசாலையில் பழகிய கை, “இன்னும் கொஞ்சம் பாப்பம்” என்று நினைக்கும். அங்கே அந்தக் கொஞ்சத்தில் படகு போய்விடும்.

நோயாளி சொன்னதை மாற்றி எழுதுவது

படிப்பு ஆங்கிலத்தில், ரிக்கற் ஆங்கிலத்தில், நோயாளி தமிழில். இடையில் நிற்பவர் நீங்கள். “களைக்குது பிள்ளை” என்று முதியவர் சொன்னதை உடல் சோர்வு என்று எழுதிவிட்டுப் போனால், மூச்சு வாங்குகிறது என்ற செய்தி அங்கேயே செத்துவிடும். “அந்தரமா இருக்கு” என்று சலரோகக்காரர் ஒருவர் சொன்னால் தண்ணி கொடுத்து ஆறுதல் சொல்லிவிட்டு வராதீர்கள். நீண்டகாலச் சலரோகத்தில் நெஞ்சு நோவே இல்லாமல் மாரடைப்பு வரலாம். வியர்வை, ஓங்காளம், காரணமில்லாத அந்தரம், இவ்வளவுதான் இருக்கும். நாடியைப் பிடியுங்கள், ஈசிஜி எடுக்கச் சொல்லுங்கள்.

மறுபக்கமும் அப்படியே. பொட்டாசியம், கிரியாற்றினின் என்று வீட்டுக்காரரிடம் அடுக்கினால் அவர்கள் தலையாட்டுவார்கள், வீட்டுக்குப் போய்ப் பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்பார்கள். மானிப்பாயில் அமெரிக்க மிஷன் மருத்துவர் டாக்டர் கிறீன் 19ஆம் நூற்றாண்டிலேயே மருத்துவத்தைத் தமிழில் படிப்பித்த ஊர் இது. சிறுநீரகம் கழிவைக் கழிக்கவில்லை, அதனால் தேங்காய்த் தண்ணி குடிக்கக்கூடாது என்று தமிழில் சொல்ல ஒரு மிஸ்ஸுக்கு முடியாதா என்ன.

கனடாவிலிருந்து வரும் அழைப்பு

“நான் கனடாவிலயிருந்து கதைக்கிறன், அப்பாவுக்கு என்ன செய்யுது, ரிசல்ட் வந்திட்டுதோ?” இந்த அழைப்பு வராத வாட் யாழ்ப்பாணத்தில் இல்லை. குரலில் அழுகை இருக்கும், மனம் இளகும். அங்கே இரண்டு தவறு நடக்கும். ஒன்று, யாரென்று தெரியாதவரிடம் பரிசோதனை முடிவை வாசிப்பது. மற்றது, “ஒண்டுமில்லை, நல்லா இருக்கிறார்” என்று சொல்லி வைப்பது. பின்னது பொய்யாகிவிட்டால் அந்தக் குடும்பம் வாழ்நாள் முழுக்க அதைச் சொல்லும். கட்டிலடியில் நிற்கும் உறவினரோடு கதைக்கச் சொல்லுங்கள், அல்லது டொக்டர் வீட்டுக்காரரைச் சந்திக்கும் நேரத்தைச் சொல்லுங்கள். மரியாதையாகவும் சுருக்கமாகவும்.

சின்ன ஊர் இது. நோயாளி உங்கள் பள்ளிக்கூட ரீச்சராக இருப்பார், அல்லது ஒன்றுவிட்ட அக்காவின் மாமியாராக இருப்பார். கர்ப்பம், மனநலம், மதுப் பழக்கம், நஞ்சு குடித்து வந்தது எதுவும் வாட்டுக் கதவைத் தாண்டக்கூடாது. வீட்டில் அம்மா கேட்டாலும் சரி. நஞ்சு குடித்து வந்த பிள்ளையிடம் “ஏன் உனக்கு இந்த வேலை?” என்று அதட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அது கண்டிப்பு என்று நினைக்கிறார்கள். அந்தப் பிள்ளை பிறகு யாரிடமும் வாய் திறக்காது, டொக்டருக்குத் தெரியவேண்டிய செய்தியும் தெரியாமல் போகும். வாட்டுக்குள் செல்பி, ரிக்ரொக் பற்றி எழுதவே தேவையில்லை என்று நினைக்கிறேன். ஆனாலும் பின்னால் கட்டிலில் படுத்திருப்பவரின் முகம் தெரிகிற படங்களை இன்றும் பார்க்கிறேன்.

தெரியாததை மறைப்பது

பற்றீசியா பென்னர் என்ற அமெரிக்கத் தாதியப் பேராசிரியர் 1984இல், தாதி ஒருவர் புதியவர் நிலையிலிருந்து நிபுணர் வரை ஐந்து படி ஏறுகிறார் என்று எழுதினார். நடுப்படியான தேர்ச்சி வர, ஒரே வகையான வேலையில் இரண்டு மூன்று வருடம் ஆகும் என்பது அவர் கணக்கு. முதல் மாதத்திலேயே எல்லாம் தெரிந்தவர் போல நடப்பவரைப் பார்த்தால் எனக்குப் பயம். “இந்த இயந்திரத்தை நான் இதுக்கு முன்னம் தொட்டதில்லை, ஒருக்கால் காட்டுங்கோ” என்று சொல்கிறவரை நம்பி இரவில் வாட்டை விடலாம்.

மறைப்பதில் மோசமானது ஊசி குத்தியதை மறைப்பது. ஏச்சு வாங்குவோம், பேர் கெடும் என்று கையைக் கழுவிவிட்டு வேலையைப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். பிதுக்க வேண்டாம், சோப்புப் போட்டு ஓடும் நீரில் கழுவுங்கள், உடனே அறிவியுங்கள். எச்ஐவி தொற்றைத் தடுக்கும் மருந்து தேவைப்பட்டால் சில மணித்தியாலங்களுக்குள் தொடங்குவது நல்லது, 72 மணித்தியாலம் தாண்டினால் பயனில்லை. ஹெபரைற்றிஸ் பி தடுப்பூசி மூன்றும் போட்டு முடித்துவிட்டுத்தான் வேலைக்கு வரவேண்டும். மூடியைத் திரும்ப மாட்டப் போய்க் குத்திக்கொள்பவர்கள்தான் அதிகம், அந்தப் பழக்கத்தைக் கல்லூரியிலேயே விட்டுவிடலாம்.

இரவு வேலை முடிந்து அப்படியே ஸ்கூட்டியில் ஏ9 வீதியில் சாவகச்சேரிக்கோ அதற்கு அப்பாலோ ஓடுவதும் தவறுதான். பஸ் இருக்கிறது.

படிப்பிப்பவர்களும் வாட்டுக்காரரும் விடும் பிழைகள்

எல்லாவற்றையும் பிள்ளைகள் தலையில் போடுவது நியாயமில்லை. மார்லின் கிராமர் என்ற அமெரிக்கத் தாதிய ஆய்வாளர் 1974இலேயே, படிப்பில் சொன்னதற்கும் வாட்டில் நடப்பதற்கும் உள்ள இடைவெளியில் புதிய தாதியர் அடையும் அதிர்ச்சியைப் பற்றி எழுதிவிட்டார். அந்த இடைவெளியை நாங்களும் சேர்ந்துதான் அகலமாக்குகிறோம்.

செயல்முறைப் பதிவேட்டில் இத்தனை கதீற்றர், இத்தனை மூக்குக் குழாய் என்று எண்ணிக்கை இருக்கிறது. அதற்குக் கையெழுத்து வாங்க மாணவர்கள் வாட் வாட்டாக ஓடுகிறார்கள். பெரிய வைத்தியசாலையில் மருத்துவ மாணவர், டிப்ளோமா மாணவர், பட்டப்படிப்பு மாணவர் என்று ஒரு கட்டிலைச் சுற்றி ஒரு ஊரே நிற்கும், வாய்ப்புக் கிடைப்பதே குறைவு. ஆனால் அந்தப் பதிவேட்டில் டொக்டரைப் போனில் அழைத்து நிலைமை சொன்னது, ஒரு முழு வேலைமுறையில் நாலு நோயாளிகளைத் தானே பார்த்தது என்று ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். கொடுத்த வேலையைக் கொடுத்தபடி செய்வதை மட்டும் மதிப்பிட்டுவிட்டு, நியமனம் கிடைத்த பிறகு “இந்தப் பிள்ளையளுக்குச் சுயபுத்தி இல்லை” என்று குறைப்படுகிறோம்.

வாட்டிலும் இறுதி வருட மாணவரை ஆள் பற்றாக்குறைக்கு ஆளாகப் பாவிக்கிறார்கள். “வாட் முழுக்கப் பிறஷர் பாத்துக்கொண்டு வா” என்று அனுப்பினால் முப்பது கைகளில் பட்டி கட்டிய அனுபவம்தான் மிஞ்சும். அதே நேரத்தில் நாலு பேரைக் கொடுத்து, இவர்களில் யாரைப் பற்றிக் கவலைப்படவேண்டும், ஏன் என்று கேட்டால் வேறொரு பாடம் நடக்கும். முதலில் சொதப்புவார்கள், நன்றாகச் சிரிக்கிற நோயாளியை நல்ல நிலையில் இருப்பவர் என்று சொல்வார்கள். அந்தப் பிழை உங்களுக்கு முன்னால் நடப்பது நல்லது.

நோயாளிக்கு முன்னால் ஏசுவதை விடவேண்டும். ஏச்சு வாங்கிய பிள்ளை அடுத்த முறை பிழை விடாமல் இருக்குமோ தெரியாது, பிழையைச் சொல்லாமல் இருக்கும். புதியவரை முதல் வாரங்களில் ஒரே ஒரு மூத்தவரோடு சேர்த்துவிடுங்கள். தினமும் ஒருவர் மாறி மாறி வந்தால் ஒவ்வொருவர் முறையையும் பழகுவதிலேயே காலம் போய்விடும். இரவு வேலைக்குத் தனியாக விடமுன்னர் சில இரவுகள் இரண்டாவது ஆளாக நிற்கவிடுங்கள். பகலில் பத்துப் பேர் செய்யும் வேலையை இரவில் இரண்டு பேர் எப்படிப் பிரித்துச் செய்கிறார்கள், எதை முதலில் பார்க்கிறார்கள் என்பதை எந்த விரிவுரையாலும் படிப்பிக்க முடியாது.

வேலைமுறை மாறும்போது பொறுப்பை ஒப்படைப்பதையும் இறுதி மாதங்களில் மாணவரே செய்யட்டும். கட்டில் கட்டிலாகப் போய், யாருக்கு என்ன மாறியது, எந்த முடிவு இன்னும் வரவில்லை, யாரை ஒரு மணித்தியாலத்தில் திரும்பப் பார்க்கவேண்டும் என்று அவர் சொல்ல, பொறுப்பானவர் பக்கத்தில் நின்று கேட்கவேண்டும். தடுமாறினால் கொஞ்சம் பொறுங்கள். இடையில் வாங்கி நீங்கள் சொல்லி முடிக்காதீர்கள். விட்டுப்போனது ஏதாவது இருந்தால், கட்டிலைத் தாண்ட முன்னர் “இவருக்கு வேற ஒண்டும் இல்லையோ?” என்று கேளுங்கள், அவரே தேடிச் சொல்லட்டும்.